255க்கும் 256க்கும் நடுவே

"ரெண்டு பேரும் சரியாதான் செஞ்சிகினு இருக்கோம். பதில் மட்டும் எப்படி சார் தப்பாவும்?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டீர்கள். இன்று பீரோவைத் துடைத்தபோது, சேலைக்குப் புட்டா வரையும் கட்டத்தாள் ஒன்று கிடைத்தது. அதன் பின்புறம் உங்கள் கையெழுத்து: 255, 511, 256. நடு எண்ணைச் சுழித்திருந்தீர்கள்.

நாம் இருவரும் பாடம் நடத்திய பாலிடெக்னிக்கில் இருந்த ஒரே பிராசசர் போர்டு புகைந்துபோன வாரம் அது. திங்கட்கிழமைக்குள் கம்ப்யூட்டரிலேயே அதை நடத்திக் காட்டாவிட்டால், மாணவர்கள் வருடம் முழுக்கப் படத்தைப் பார்த்தே படிக்க வேண்டியதுதான். பிராசசர் செய்வதைச் செய்யும் புரோகிராமை நீங்கள் எழுதினீர்கள். அதன் விடையை விளக்குகளாகக் காட்டும் புரோகிராமை நான். விடையை ஃபைலில் போட்டு அனுப்பினால் நகரவே இல்லை. ஆகவே மெமரியில் ஓர் இடத்தை இரண்டுக்கும் பொதுவாக வைத்தோம். உங்களுடையது எழுதும், என்னுடையது பார்க்கும்.

வேகம் வந்தது. கூடவே, 256 வர வேண்டிய இடத்தில் எப்போதாவது ஒரு 511.

"லைட்டு உங்களுது சார், நல்லா பாருங்க."

"கணக்கு உங்களுது சார்."

சனிக்கிழமை மதியம் வரை இதே பேஜார். கடைசியில் சாப்பிடலாம் என்று முள்ளிப்பட்டுக்கு, உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே ஒரே தறியில் உங்கள் அண்ணன் சேலையின் உடலை நெய்ய, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, கரைக்கான ஊடை நூலைச் சுமக்கும் நாடாவை இழைகளுக்கு நடுவே கோத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் பார்க்காமலே மிதிக்கிறாரே, இழை அறுந்திடாதாம்மா?" என்றேன்.

"நான் கைய எடுத்துட்டு 'ம்' சொல்லணும் சார். அதுக்கு முன்னாடி மிதிச்சா அன்னிக்கி அவருக்குச் சோறு இல்ல."

நீங்கள் சிரிக்கவில்லை. "சார், நாம 'ம்' சொல்லவே இல்லியே" என்றீர்கள்.

அவ்வளவுதான். நம் எண்ணுக்கு இரண்டு பாதி: எத்தனை 256 என்பது முதல் பாதி, மீதி அடுத்த பாதி. 255 என்றால் 0, 255. 256 என்றால் 1, 0. நீங்கள் முதல் பாதியை மாற்றிவிட்டு அடுத்ததை மாற்றுவதற்குள் நான் பார்த்திருக்கிறேன்: 1, 255. அதாவது 511. இன்னும் ஓர் அறையைச் சேர்த்தோம். எழுதி முடித்ததும் நீங்கள் அதில் 1 போட வேண்டும். படித்ததும் நான் 0 போட வேண்டும். அதுவரை மற்றவர் தொடக் கூடாது. திங்கட்கிழமை விளக்குகள் ஒன்றுகூடத் தப்பாமல் எண்ணின.

நீங்கள் மறைந்த பிறகும் அந்த 'ம்' என்னிடம் இருக்கிறது. மகள் போனில் ஏதோ சொல்லும்போது பாதியில் கோபம் வந்தால், "முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் முடித்திருக்க மாட்டாள்.

இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேலை. ஒரு சிலேட்டில் 199 எழுதி, ஒவ்வோர் இலக்கமாக அழித்து 200 ஆக்குங்கள். நண்பரை நடுவில் பார்த்துப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு, எழுதி முடித்ததும் பல்பத்தை அவர் கையில் கொடுங்கள், அது வந்த பிறகே அவர் படிக்கட்டும் என்று வைத்து மறுபடி செய்து பாருங்கள்.