படத்துக்குப் பின்னால் ஒரு வரி

உன் இயர்ஃபோனை உன் அண்ணன் என்னிடம் கொடுத்தார். அதில் இன்னும் கோடாலித் தைலம் மணக்கிறது. நெற்றியில் தைலம் தடவிய கையோடு அதை எடுத்துக் காதில் செருகிக்கொள்வாய். பஞ்சு முழுக்க அந்த நெடி ஏறிவிட்டது. இன்று காலை பொங்கோல் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அதை மாட்டினேன். உன்னைப்போல ஒரு காதில் மட்டும். இன்னொரு காது ஊர் நடப்புக்கு என்பாயே, அதனால். பக்கத்தில் இருந்த பெண் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். நகரட்டும்.

போன வாரம் முழுக்க எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு வரிக்கா இத்தனை ஆட்டம் என்றார். அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே ஆள் நீ. நீ போய் ஓராண்டு ஆகிவிட்டது என்று தெரிந்தும் உனக்கே எழுதுகிறேன்.

லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், கடைவீட்டு மாடியில், வியாபாரிகளுக்கு இணையத்தளம் செய்து கொடுக்கும் நம் சின்ன ஆபீஸ். அங்கே நீயும் நானும் ஒரே மேசை. முப்பதைத் தாண்டியதும் உனக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. கண் நரம்பு என்றார்கள், சிகிச்சை என்றார்கள், கடைசியில் முழுவதுமாகப் போய்விட்டது. நீண்ட விடுப்புக்குப் பிறகு வெள்ளைக் குச்சியைத் தட்டிக்கொண்டு அந்தக் குறுகலான மாடிப்படியில் ஏறி வந்தாய். நாங்கள் எல்லாரும் எழுந்து ஓடிவந்தோம். நீ யார் கையையும் பிடிக்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பார்த்து, என் மெத்தையை யார் எடுத்தது என்று கேட்டாய்.

உட்கார்ந்ததும் முதல் வேலையாக, திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலை ஓடவிட்டு, நாமே செய்த சேலைக்கடைத் தளத்தைத் திறந்தாய். கடையின் பெயரை வாசித்தது, விலையை வாசித்தது. சேலைப் படம் வந்ததும் 'இமேஜ்' என்றது. அதோடு கேமரா போட்ட ஏதோ ஓர் எண். அடுத்த சேலைக்கும் அப்படியே, அதற்கடுத்ததற்கும் அப்படியே.

"கடைக்குள்ள வந்துட்டேன்," என்றாய். "ஆனா எல்லாச் சேலையையும் பேப்பர்ல சுத்தி வச்சிருக்கீங்க லா."

தளத்தில் போடும் ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு வரி எழுத இடம் உண்டு. ஆல்ட் டெக்ஸ்ட் என்பார்கள். கண் இருப்பவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. பார்வையற்றவர்களுக்கு அந்தக் குரல் அதைத்தான் வாசிக்கிறது. அவசரத்தில் அதைக் காலியாக விட்டுவிடுவது எங்கள் தொழிலில் எல்லாருக்கும் வழக்கமாக இருந்தது. அந்த வழக்கத்துக்கு அன்றோடு நீ முற்றுப்புள்ளி வைத்தாய்.

நான் பார்த்துச் சொல்ல வேண்டும், நீ வெட்ட வேண்டும். 'அழகிய பட்டுச்சேலை' என்று ஆரம்பித்தேன். அழகா இல்லையா என்பதை நான் முடிவு பண்ணிக்கொள்கிறேன், நீ கலரைச் சொல்லு என்றாய். 'சேலையின் படம்' என்று எழுதினால், படம் என்று குரலே சொல்லிவிட்டதே, நீ எதற்கு இன்னொரு தடவை என்பாய். ஓரத்தில் சும்மா ஒப்புக்குப் போட்ட பூ வேலைக்கு எதுவும் எழுதக்கூடாது. குரல் அதைத் தாண்டிப் போகட்டும், காது அடைக்கிறது என்பாய். ஒரு சேலையை நான் மெரூன் என்றேன். மடிப்பு எப்படி, வெளிச்சத்தில் எப்படி என்று குடைந்து குடைந்து கேட்டுவிட்டு, அது அரக்கு என்றாய். மறுபடி பார்த்தேன். அரக்குதான். அன்றைக்கு உன்மேல் எனக்கு வந்த எரிச்சல் இருக்கிறதே!

கடைக்கார அம்மா சிரித்தார். கண் தெரியாதவர்களா சேலை பார்த்து வாங்கப் போகிறார்கள் என்று அவர் கேட்டபோது நீ எதிரில் பச்சைச் சுங்குடி கட்டிக்கொண்டு நின்றாய். "அப்ப நான் கட்டியிருக்கிறது என்ன, சாரோங்கா?" என்று கேட்டாய். அவருக்கு முகம் போன போக்கைப் பார்க்கிற பாக்கியம் எனக்குத்தான் கிடைத்தது. போகிற வழியில் அதையும் உனக்கு விவரித்துச் சொன்னேன்.

கொஞ்ச நாளில் அதே அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார். யாரோ ஒரு பெண் இணையத்தில் மயில் முந்தானை வைத்த மாம்பழ மஞ்சள் பட்டு என்று தேடினாளாம். அவர் கடைச் சேலையே மேலே வந்து நின்றதாம். நேரே கடைக்கு வந்து வாங்கிப் போனாளாம். இது எப்படி என்று கேட்டார். நீ ஸ்பீக்கரில் பதில் சொன்னாய்: "தேடுற மெஷினுக்கும் கண்ணு கிடையாதும்மா, எனக்கும் கிடையாது. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே வரி போதும்." அன்று மாலை ஒரு பெட்டி கறிபாப் பலகாரம் ஆபீசுக்கு வந்தது. பெட்டியில் என்ன இருக்கிறது என்று மூடி திறப்பதற்கு முன்பே நீ சொல்லிவிட்டாய்.

சிரிப்பு மட்டுமே இல்லை. ஒரு தீபாவளி நேரத்தில், நீ வழக்கமாகச் சாப்பிடும் கடை இடம் மாறிவிட்டது. மாறிய செய்தியை அவர்கள் தளத்தில் போட்டிருந்தார்கள். சுழித்துச் சுழித்து எழுதிய ஒரு சுவரொட்டிப் படமாக. புது முகவரி, நேரம், எல்லாம் படத்துக்குள். பின்னால் ஒரு வரி இல்லை. நீ உன் வீடிருந்த குவீன்ஸ்டவுனிலிருந்து ரயிலேறி, அந்தக் கூட்டத்தில் இடிபட்டு, இழுத்து மூடிய இரும்புக் கதவின் முன்னால் வந்து நின்றாய். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாய். பசியால் இல்லை. "என்னைத் தவிர ஊருக்கே சொல்லியிருக்காங்க," என்றாய். அதைச் சொல்லிவிட்டு நீ அழுததை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் ஒரு வரிக்கா இத்தனை ஆட்டம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இனி போன வாரக் கதை.

நீ போன பிறகு வந்த புது மேலாளர், உன் முதலாண்டு நினைவுக்காக நம் ஆபீஸ் தளத்தில் ஒரு பக்கம் போட்டார். உன் படம், கீழே நான்கு நல்ல வார்த்தை. நானும் பார்த்தேன், கண் கலங்கினேன், நன்றி சொன்னேன். மறுநாள் செல்வம் அண்ணன் கூப்பிட்டார். உன் எதிர் புளோக்கில் இருப்பவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பார்வையற்றோர் கூடும் சனிக்கிழமைக் காப்பிக்கடை வட்டத்தில் உன்னோடு ஓயாமல் வம்பளந்தவர், அவரேதான்.

"தங்கச்சி, அந்தப் பக்கத்தை யாரோ கெடுத்து வச்சிருக்காங்க போல," என்றார். "அவங்க படத்துல போய் நின்னா, 'சீப் வெப் டிசைன் சிங்கப்பூர், பெஸ்ட் வெப்சைட் லிட்டில் இந்தியா'ன்னு சொல்லுது. நாங்க நாலு பேரும் கேட்டுட்டோம்."

யாரும் கெடுக்கவில்லை. மேலாளரே எழுதியது அது. உன் முகத்துக்குப் பின்னால் இருந்த அந்த ஒரு வரி இடத்தையும் அவர் விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார். உன் படத்துக்கு மட்டுமில்லை. சேலைக்கடைத் தளத்திலும் நீயும் நானும் உட்கார்ந்து எழுதிய அத்தனை வரிகளையும் அழித்துவிட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே சரடாக 'மலிவுச் சேலை சிறந்த சேலை சிங்கப்பூர்ச் சேலை' என்று ஒட்டியிருந்தார்.

செல்வம் அண்ணன் இன்னொன்றும் கேட்டார். சரி, நீயாவது சொல்லு, குச்சியைப் பிடித்திருக்கிறாரா, வலது கையிலா, இடது கையிலா என்று. அவர்களுக்கு உன்னைத் தெரிந்ததே அந்தத் தட்டுச் சத்தத்தில்தான். பார்த்துச் சொல்கிறேன் என்று படத்தைத் திறந்தேன். குச்சி இல்லை. காப்பிக்கடையில் நான் எடுத்த படம் அது. குச்சி இருந்தது எனக்கு நன்றாகத் தெரியும். கையோடு சேர்த்து வெட்டியிருந்தார்கள். நான் கண் கலங்கிப் பார்த்தேன் என்றேனே, அப்போதுகூட எனக்கு அது தெரியவில்லை. கேட்டது அவர்.

மேலாளரின் மேசைக்குப் போனேன். மனிதர் கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். "அக்கா, அந்த லைன் யாரு கண்ணுக்கும் தெரியாது லா," என்றார். "நெட் சர்ச்சுல மேல வரத்தான் போட்டேன். குச்சி இருந்தா பேஜே ஒரு மாதிரி சோகமா இருக்குன்னு டிசைனர் சொன்னாங்க."

"அந்தக் குச்சி இல்லாம அவ இந்த ஆபீஸுக்கு ஒரு நாளும் வந்ததில்ல," என்றேன். "யாரு கண்ணுக்கும் தெரியாதுங்கிற அந்த லைனைத்தான் அவ கூட்டாளிங்க இன்னிக்குக் கேட்டாங்க. அவளைக் கேக்க வந்தவங்களுக்கு உங்க விளம்பரத்தைப் போட்டிருக்கீங்க."

அவர் தலையைச் சொறிந்தார். பார்க்கலாம் அக்கா என்றார். அந்தப் 'பார்க்கலாம்' இரண்டு நாள் அப்படியே கிடந்தது. மூன்றாம் நாள் சேலைக்கடை அம்மா கத்திக்கொண்டு வந்தார். கலர் சொல்லித் தேடி வருகிற ஆட்கள் யாரையும் காணோமாம், அவர் கடை தேடலில் எங்கோ கீழே போய்விட்டதாம். எல்லாப் படத்துக்கும் ஒரே சொல்லை அடுக்கினால் மெஷினுக்கும் எது எந்தச் சேலை என்று தெரியாது, சந்தேகம்தான் வரும் என்று நீ தலைதலையாக அடித்துக்கொள்வாய். அம்மா போன கையோடு மேலாளர் என்னிடம் வந்து, பழைய வரிகள் இருக்கின்றனவா, உங்கள் விருப்பப்படி எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள் என்றார்.

உனக்காக மாறவில்லை. செல்வம் அண்ணனுக்காக மாறவில்லை. ஒரு கடையின் வியாபாரத்துக்காக மாறியது. நியாயத்துக்குத் தனியாக ஒரு நடை வர இந்த ஊரில் யாருக்கும் நேரமில்லை போலிருக்கிறது. அந்த ஆத்திரத்தோடே வெட்டாத படத்தைத் தேடி எடுத்துப் போட்டேன். பின்னால் எழுதினேன்: 'காப்பிக்கடை மேசையில் நீலச் சேலை கட்டிய பெண். வலது கையில் வெள்ளைக் குச்சி. தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். முன்பற்களுக்கு நடுவில் ஒரு சந்து.'

செல்வம் அண்ணன் கேட்டுவிட்டுக் கூப்பிட்டார். பல்லில் சந்து இருக்கிற கதையை இத்தனை காலம் மறைத்துவிட்டாரே என்று சிரித்தார்.

"எனக்கும் ஒண்ணு எழுதித் தர்றியா?" என்றார். "ஹால்ல என் கல்யாணப் படம் மாட்டியிருக்கு. உங்க அண்ணிகிட்ட கேட்டா நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடும்."

அவரே கைப்பேசியில் எடுத்து அனுப்பினார். முதலில் சுவர் வந்தது, பிறகு மின்விசிறி வந்தது, கடைசியில் படம் கொஞ்சம் கோணலாக வந்து சேர்ந்தது. இப்போது ரயிலில் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அந்தச் சுவரில் தொங்குகிற படம். கண் உள்ள எத்தனை பேர் அந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள், அண்ணாந்து பார்த்திருப்பார்கள், காப்பி குடித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஒருவருக்குக்கூட அவரிடம் சொல்லத் தோன்றவில்லை. என் நெஞ்சு கொதிக்கிறது. நீ இருந்தால் உனக்கும் கொதித்திருக்கும், ஆனால் முதலில் வரியை எழுதி முடி என்றிருப்பாய். எழுதிவிட்டேன். அனுப்பப் போவதில்லை, வேலை முடிந்ததும் குவீன்ஸ்டவுன் போய், அண்ணியையும் பக்கத்தில் உட்கார வைத்து, நானே வாசிக்கப் போகிறேன்.

'கல்யாண மேடை. மாலை போட்ட மாப்பிள்ளை நிமிர்ந்து நிற்கிறார். தலைப்பாகை இடப்பக்கம் சரிந்திருக்கிறது. சுற்றி நிற்பவர்கள் எல்லாரும் கேமராவைப் பார்க்கிறார்கள். மணப்பெண் மட்டும் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.'