அன்னம் போய்ப் புலி வந்தது

வெள்ளிக்கிழமை, இரவு.

வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார் கம்பனி ஒன்று, அன்னச் சின்னம் சாதுவாகத் தெரிகிறதென்று பாயும் புலிக்கு மாறிவிட்டது. அந்தக் காரின் பக்தனான என் தம்பி ரவியும் தன் ஓட்டோவில் அன்னத்தைச் சுரண்டிவிட்டுப் புலியை ஒட்டினான்.

இன்று ஓர்ஸ் ஹில் பக்கம் சிவில் உடுப்பில் நின்ற பொலிஸ்காரர் இருவர் ரவியை மறித்தார்கள்.

"என்ன புலி இது?"

"கார்க் கம்பனியின்ர, சேர். போன மாசந்தான் மாத்தினவங்கள்."

"உம்மை ஆர் மாத்தச் சொன்னது?"

"ஒருத்தரும் இல்லை, சேர். ஆசையிலதான்."

ஒருவர் சிரித்தார். மற்றவர் இலக்கத் தகட்டோடு சேர்த்துப் படமெடுத்தார்.

பின்னேரமே நானும் ரவியும் புலியைச் சுரண்டிவிட்டோம். "இனிப் பயமில்லைத்தானே, அண்ணா?" என்றான். ஓம் என்றேன்.

கம்பனி அடுத்த வருடம் முயலுக்கும் மாறலாம். ரவிக்கு அந்த வசதி இல்லை. அவர்களுடைய படத்தில் புலி பாய்ந்தபடியே இருக்கும்.