யாஷ்

9 நவம்பர் 2008, ஞாயிறு. கம்பம்

காலையிலிருந்து தூறல். பழுத்த திராட்சை வெடித்துவிடும் என்று இவர் தோட்டத்துக்குப் போய்விட்டார். ஏழாம் வகுப்பு விடைத்தாள் இன்னும் பாக்கி.

பத்து மணிக்கு மகள் போன். கயல், சீனாவில் உரும்சியில் மருத்துவம் நாலாம் வருடம். அங்கே பனியாம். எடுத்ததும் அழுகை.

வார்டில் அந்தப் பக்கத்து உய்குர் இனப் பெண் ஒருத்தி. பிறந்த குழந்தை இறந்துவிட்டது. கயலுக்கு அது தெரியாது. கேஸ் ஷீட்டில் அந்தப் பெண்ணின் வயதைக் குறிக்கவேண்டும். தெரிந்த நாலைந்து உய்குர் சொற்களில் வயதுக்கு 'யாஷ்'. கிட்டே போய் "யாஷ்?" என்றிருக்கிறாள். அந்தப் பெண் பதறி, போர்வையால் கண்ணைத் துடைத்து, மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொன்னாளாம்.

நர்ஸ் பிறகு சொன்னது: யாஷ் என்றால் கண்ணீரும்தான்.

"ஏன் அழுகுறன்னு அதட்டுன மாதிரி ஆயிருச்சும்மா. என்னால முடியல. வந்துர்றேன்."

இவரிடம் சொன்னேன். "வரச் சொல்லு. இங்கன படிக்கப் படிப்பா இல்ல?"

12, புதன்

வெயில். தலைவலி. பள்ளியில் இன்ஸ்பெக்‌ஷன்.

மாலை கயல். நர்ஸின் கணவர் மொழி வாத்தியாராம். அவரிடம் கேட்டிருக்கிறாள். யாஷ் பழைய துருக்கிச் சொல்லாம். முதலில் ஈரமானது, புதியது என்று பொருள். அதிலிருந்து இளமை, வயது, கண்ணீர். உய்குரில் இப்போது 'இளம்' என்பதற்கும் அதே சொல்தான். பச்சை நிறத்துக்கு 'யெஷில்', அதுவும் அதில் பிறந்ததே.

"ஒரே சொல்லுக்கு இத்தனையாம்மா?"

நம் பச்சை மட்டும் என்னவாம் என்றேன். பச்சை இலை. பச்சைத் தண்ணீர். பச்சைப் பிள்ளை. பச்சை உடம்பு.

பச்சை உடம்பு என்று அவளும் சொல்லிப் பார்த்தாள்.

"அவுகளும் பச்ச ஒடம்புதானம்மா. பக்கத்துல பிள்ளதான் இல்ல."

"போயி உக்காரு. எதுவும் கேக்காத."

சொன்னது சரியா? தெரியவில்லை. அழுகிற பிள்ளையை இன்னும் அங்கேயே அனுப்புகிறேன்.

16, ஞாயிறு

கயல் திரும்பி வர டிக்கெட் விசாரிக்க நேற்று மதுரை போய் வந்தார் இவர். முகம் கொடுத்துப் பேசவில்லை.

கயல் போன். மூன்று நாளும் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் இருபத்தொன்று, இவள் வயதுதான். இன்று வீட்டுக்குப் போகும்போது கயலின் கையைப் பிடித்து ஏதோ சொன்னாளாம், நடுவில் 'யாஷ்' என்று வந்ததாம். நர்ஸ் சொன்ன அர்த்தம்: "நீங்க இன்னும் சின்னப் பொண்ணு. நல்ல டாக்டரா வருவீங்க."

"நாளைக்கும் அந்த வார்டுதாம்மா. அப்பாட்ட குடு."

இவர் வாங்கிக்கொண்டு வெகுநேரம் கேட்டார். கடைசியில் "அங்கனயே இரு ஆத்தா" என்று சொல்லி, என்னிடம் தராமலே வைத்துவிட்டார்.

சாப்பிட்டாளா என்று நான் கேட்கவே இல்லை.