சாவு நாளில் போட்ட கூரை

அன்பு மருமகள் தியாமிகேவுக்கு, உன் மாமா வைசன் எழுதுவது. நடந்தது அத்தனையும் நடக்கும் என்று அந்த வெள்ளைக்கார ஊழியக்காரர்கள் வண்டியை விட்டு இறங்கிய அன்றே நான் சொன்னேன், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அது கிடக்கட்டும், கர்த்தருடைய கிருபையில் எனக்கும் என் கூடப்பிறந்தவளான உன் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, ஜோகன்னஸ்பர்க் குளிரில் நீயும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சிசோமோ தன் தாயாரை அடக்கம் பண்ணியதிலிருந்து உன் போனை எடுப்பதில்லை, கல்யாணப் பேச்சு நிலைக்குமா போகுமா என்று கேட்டிருந்தாய். உனக்காகப் பேசி வைத்தவன் நான், பதில் சொல்ல வேண்டியவனும் நான்தான்.

வந்தவர்கள் நல்ல மனுஷர்கள், இரண்டு வாரத்தில் நம் ஜெபவீட்டுக்குத் தகரக்கூரை போட்டுக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர்கள். மொழிபெயர்ப்பு முழுக்க நான். அவர்களுடைய பாஸ்டர் கீத் ஒரு வரி சொன்னால் நான் ஒன்பது வரி சொல்லுவேன், ஜனங்கள் விம்மி அழுதார்கள், மலாவி முழுக்கத் தேடினாலும் இப்படி ஒருவர் கிடைக்கமாட்டார் என்று அவரே சொன்னார். அவர்கள் கிளம்புகிற சமயம் பார்த்து சிசோமோவின் அம்மா நாபிரி காய்ச்சலில் போய்விட்டாள். சாவு விழுந்தால் புதைத்துவிட்டு வரும்வரை ஊரில் உலக்கைகூட இடிக்காது, உனக்குத் தெரியாததா. பாஸ்டர் என்னிடம் வந்து, பாதிக் கூரை கிடக்கிறதே, நாங்கள் மட்டும் ஏறி அடிக்கலாமா, யாருக்கும் மனக்கஷ்டம் வராதே என்று கேட்டார். விருந்தாளியிடம் முடியாது என்று சொல்லி நமக்குப் பழக்கம் உண்டா. தாராளமாக அடியுங்கள் ஐயா என்றேன். வேண்டாம் என்பதற்கு இங்கிலீஷ் எனக்குத் தெரியாமலில்லை, வாயில்தான் வரவில்லை.

பெட்டியைத் தூக்கிப் போகும்போது பெண்களின் ஒப்பாரிக்கு மேலே சுத்தியல் சத்தம், முலாஞ்சே மலையே அதைத் திருப்பி அடித்தது. குழிவெட்டுகிறவர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டார்கள். சிசோமோ என் முன்னால் வந்து நின்று, என்ன மாமா, ஊருக்கெல்லாம் வாய் கிழியப் பேசுறீங்க, எங்கம்மா போற ஒரு பொழுதுக்கு அந்தச் சுத்தியல நிறுத்தச் சொல்ல உங்களுக்கு வாய் வரலியா என்று கேட்டான். உன் அம்மா அதைத் தினமும் சோளக்களியோடு சேர்த்து எனக்குப் பரிமாறுகிறாள். இப்போது கூரை பளபளவென்று இருக்கிறது, கீழே ஆடுகள்தான் படுக்கின்றன. ஆராதனை பழையபடி மாமரத்தடியில். பாஸ்டருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை, புதுக்கூரையின் கீழே பாட்டு எப்படிக் கேட்கிறது என்று எழுதிக் கேட்டிருந்தார், இடிபோல் கேட்கிறது என்று பதில் போட்டேன்.

நீ கவலைப்படாதே. போன சனிக்கிழமை சிசோமோவின் சோளக்காட்டுக்கே போய், தப்பு என்னுடையது தம்பி, கோபத்தைப் பிள்ளைமேல் காட்டாதே என்று கையை நீட்டினேன், அவனும் கை கொடுத்தான். கொடுத்தான் என்றால் சம்பந்தம் முறியவில்லை என்றுதானே அர்த்தம். நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள், கம்பளியை யாருக்கும் இரவல் கொடுக்காதே, லீவு கேட்டு ஒருமுறை வந்து போ. வேலை இடத்திலும் வழியிலும் ஆண்டவர் உன்னோடு இருப்பாராக.

இப்படிக்கு,
உன் மாமா வைசன்

எழுதியதை உன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் பேனாவைத் திரும்ப என் கையில் திணித்தாள். சிசோமோ கை கொடுத்தான் என்பது மட்டும் நான் சேர்த்தது. நீட்டியது நான், அவன் கை மண்வெட்டியிலேயே இருந்தது.