பழுப்புப் பெட்டியின் குரல்

இதைக் கண்டெடுத்தவர் தயவுசெய்து மேலே படிக்காமல் மூடிவிடுங்கள். படித்தே தீருவேன் என்றால் யாரிடமும் காட்டாதீர்கள். அப்பாவிடம் நிச்சயமாக வேண்டாம்.

ஜூலை 24, வியாழன்

புழுக்கம். மழை வருமென்று கொடியில் கிடந்த துணியெல்லாம் எடுத்தேன், வரவில்லை. கெமிஸ்ட்ரி டெஸ்ட் பாதிதான் எழுதினேன்.

பாரிஸ் மாமா கொண்டுவந்த இரண்டு குட்டி கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களும் ஹாலில். உள்ளே வால்வு போட்ட பழைய மாடல். ஒன்று கறுப்பு, ஒன்று பழுப்பு. ஒன்று அருள் அண்ணனுக்கு, கோயில் பாடல் குழுவில் வாசிக்க. மற்றது ஞாயிறன்று மாமாவோடு பாண்டிச்சேரிக்கு, அவர் நண்பருக்கு. எது வேண்டும் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும்.

அண்ணன் கறுப்பைக் காலையில் வாசித்துப் பார்த்தான். பழுப்பை ராத்திரி. "கறுப்புதான் மாமா. இது சளி புடிச்ச மாதிரி இருக்கு."

ராத்திரி எங்கள் தருமபுரத்தில் எல்லா வீட்டிலும் ஏ.சி. ஓடும், வோல்டேஜ் இறங்கிவிடும். ஃபேன் இறக்கையை எண்ணலாம், அவ்வளவு மெதுவாகச் சுற்றும். வால்வு வெளிச்சம்கூட மங்கல். பழுப்பு பிறகு எப்படிப் பாடும்? யாருக்கும் தோன்றவில்லை. சொல்ல வாய் திறந்தேன்.

அப்பா: "நீ போயி புக்க எடு. அந்தப் பொட்டிக்கிட்ட ஒன்னப் பாத்தேன், கைய ஒடிச்சிருவேன். உள்ள முந்நூறு வோல்ட் ஓடுது."

பத்தாம் வகுப்பு மார்க் வந்ததிலிருந்து கிட்டாரையே தொடக்கூடாது எனக்கு.

ஜூலை 25, வெள்ளி

பள்ளி மதியத்தோடு விட்டார்கள். அம்மாவும் மாமாவும் மண்டபத்தூர் சொந்தக்காரர் வீட்டில். அண்ணன் காலேஜ், அப்பா ஆபீஸ்.

செய்துவிட்டேன்.

ஃபேன் வேகமாகச் சுற்றியது, கரன்ட் சரி. இரண்டையும் ஒரே பிளக்கில் மாற்றி மாற்றி. சத்தம் இரண்டிலும் ஒரே அளவு (அண்ணன் கறுப்பை ரொம்ப ஏற்றி வைத்திருந்தான்). கிட்டாரில் அதே மூன்று கார்டு மீட்டினேன்.

க. – பளிச். எவர்சில்வர் தட்டு விழுந்த மாதிரி. மெதுவாக மீட்டினாலும் அதே, பலமாக மீட்டினாலும் அதே.

ப. – மெதுவாக மீட்டினால் துல்லியம். அழுத்தினால் லேசாகக் கரகரக்கிறது, பாடிப் பாடிச் சூடான தொண்டை போல. விரலுக்குப் பதில் சொல்கிறது.

திரும்பத் திரும்பக் கேட்டேன். சந்தேகமே இல்லை, ப. தான். அண்ணன் காதுக்கு எட்டாதது என் காதுக்கு எட்டியிருக்கிறது!

கேட் சத்தம். உயிர் போய் வந்தது. மீன்காரக்கா. "பாப்பா, கெழங்கா மீனு இருக்கு. அம்மா இல்லியா? உள்ள என்ன, ரேடியோவா?"

"ஆமாக்கா."

"நல்லாருக்கு. வச்சுக் கேளு."

ரேடியோவாம்!

ஜூலை 26, சனி

காலையில் தூறல். இட்லி, முந்தாநாள் சட்னி இல்லை, புதுசு. மாமா பழுப்பைத் துணியில் சுற்ற ஆரம்பித்தார். பொறுக்க முடியவில்லை.

"மாமா, ரெண்டையும் இப்பவே, ஒரே சத்தத்துல வச்சுப் பாருங்க. ராத்திரி லோ வோல்டேஜ்ல கேட்டது கணக்கே இல்ல."

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அட ஆமா! அங்க இருந்து இருந்து நம்மூரு கரன்ட்டே மறந்துபோச்சு."

அம்மா, அப்பா, அண்ணன் மூவரையும் சுவர் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு வாசித்தார். முதலில் ஒன்று, பிறகு மற்றது.

அம்மா: "ரெண்டாவது." அப்பா: "ரெண்டாவது." அண்ணன் நிறைய யோசித்து, "ரெண்டாவதுதான். கறுப்புதானே?"

திரும்பினால் பழுப்பு. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"காதுல வெளக்கெண்ண ஊத்துடா," என்றார் மாமா. "பழுப்பு இங்கயே இருக்கட்டும்."

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நேத்து வாசிச்சுப் பாத்தேம்ப்பா."

"தனியாவா?"

"ஆமாம்ப்பா."

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வந்தார்.

இப்போது ஹாலில் அவரும் மாமாவும். மாமா குரல் மட்டும் கேட்கிறது. "வீட்டுலயே காது அவளுக்குத்தான் மச்சான்..." ஏதோ இழுக்கிற சத்தம்.

பயமாகத்தான் இருக்கிறது. அடித்தாலும் அடிக்கட்டும். மூன்று பேர் சுவரைப் பார்த்து நின்று நான் சொன்னதையே சொன்னார்கள். அதை இனி யாராலும் இல்லையென்று

கதவு தட்டுகிறார்கள். கையால் இல்லை, காலால். அப்பா. "ஸ்டெல்லா, தொற. பொட்டி கனக்குது