ஆளுக்கொரு பூட்டு

பெரியவனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உன் தம்பி மகள் இன்ஜினீயராகிவிட்டாள். நீங்கள் இருவரும் வேலை பார்த்த அதே சிமெண்ட் ஆலையில், வீடு உயரத்துக்குச் சுழலும் அரவை இயந்திரத்துக்குள் போய்ப் பழுது பார்க்கிறாள். அஞ்சாங்கிளாஸ்காரியின் பேத்தி என்று கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டேன். "பாட்டி, நீ பால் வாங்க வந்தியா, தண்டோரா போட வந்தியா?" என்று திட்டினாள்.

உள்ளே போகப் பயமில்லையா என்று போன வாரம் கேட்டேன்.

"ஆளுக்கொரு பூட்டு இருக்கு பாட்டி. அதை சுவிட்சுல பூட்டிட்டுதான் உள்ள போவோம். வெளிய வந்து அவங்கவங்களேதான் திறக்கணும். ஒரு பூட்டு தொங்கினாக்கூட மெஷின் ஓடாது."

சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

அன்று உன் தம்பி பூட்டை மறந்து வந்தான். உன் பூட்டே இரண்டு பேருக்கும் போதும் என்று உள்ளே கூட்டிப்போனாய். அவன் முன்னாலேயே வெளியேறிவிட்டான் என்று நினைத்துத் திறந்தாய். அதற்கு மேல் எழுத என்னால் ஆகாது. ஆறு வருஷமாக நீ இந்த வாசலை மிதிக்கவில்லை.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அவன் பூட்டு சாப்பாட்டு மேசையில் கிடந்தது. அவன் தெருமுனை திரும்புமுன்பே பார்த்தேன். கூப்பிட்டிருந்தால் காதில் விழுந்திருக்கும். அண்ணன்காரன் இருக்கிறானே, பார்த்துக்கொள்வான் என்று எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

பழி முழுவதையும் நீ சுமந்து போனபோதும் வாய் திறக்கவில்லை.

நேற்று பேத்தியிடம் சொன்னேன். வெகுநேரம் அழுதாள். பிறகு, "முதல்ல பெரியப்பாவுக்கு எழுது" என்று காகிதத்தை அவள்தான் எடுத்துக் கொடுத்தாள்.

திட்டுவதானால் நேரில் வந்து திட்டு.

அம்மா