வாசிப்பு நாளில் வரும் வயிற்றுவலி

அன்பு மகள் செய்னிக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் பன்றிகளும் சுகம், ஆக்லாந்துக் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய கம்பளிச் சட்டையை அம்மா இந்த வெயிலில் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போய் வியர்த்து ஒழுகினாள், சொன்னால் கேட்டால்தானே.

உன் தம்பி செமிசியின் படிப்பு நின்றுவிடும் போலிருந்தது, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். புதிதாக வந்திருக்கும் வெள்ளைக்கார வாத்தியார் டங்கன் என்னைக் கூப்பிட்டனுப்பி, பொண்ணுங்க வாய்விட்டுப் படிச்சே கத்துக்கிறாங்க, பசங்களுக்குக் கைவேலைதான் வரும், அது பிறவிக்குணம், செமிசியைப் பரீட்சைக்கு அனுப்பாம தச்சு வேலைக்கு விடுங்க என்றார். எனக்குச் சுருக்கென்றது. சார், அவன் வீட்டுல பன்றிக்குக்கூட வாசிச்சுக் காட்டுறான் என்றேன். இங்க எழுந்து நின்னா ஊமையாயிடுறானே என்றார். என்ன பாடம் என்று பார்த்தால் ஒருத்தன் ஒருத்தியைக் காதலிக்கிற கதை! வகுப்பில் உன் சித்தப்பா மகள் லூசியானே இருக்கிறாள், மற்றதுகளும் பாதிக்கு மேல் அக்கா தங்கை முறை. கூடப்பிறந்தவ முன்னாடி இதை ஒருத்தன் வாய்விட்டு வாசிப்பானா சார், நம்ம தீவுல அவ இருக்கிற இடத்துல உட்காரவே கூசுவானே என்றேன். பாடம் பாடம்தான், நாளைக்கு ஒரு தடவை பார்க்கிறேன், வாசிக்கலைன்னா தச்சு வேலைதான் என்று முடித்துவிட்டார்.

மறுநாள் நானும் போய் வாசலில் நின்றேன். செமிசி எழுந்தான், வாயைத் திறக்கவில்லை, காது மட்டும் சிவந்தது. அப்போது லூசியானே எழுந்து, சார் எனக்கு வயிறு வலிக்குது என்று வெளியே போனாள். உடனே அடுத்தவளுக்கும் வலி, அவளுக்கு அடுத்தவளுக்கும் வலி, கடைசியில் பெண்கள் எல்லோரும் ஈரப்பலா மரத்தடியில் நிற்கிறார்கள். நேத்து ராத்திரி எல்லாரும் என்ன சாப்பிட்டீங்க என்று வாத்தியார் விழிக்கிறார். உன் தம்பி ஒரு எழுத்து தடுக்காமல் வாசித்தான் செய்னி, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவன் பரீட்சைக்குப் போகலாம் என்று வாத்தியார் சொல்லிவிட்டார்.

ஆனால் சந்தோஷம் முழுசாக இல்லை. இப்போது வாசிப்பு நாள் வந்தாலே பெண்களுக்கு வயிற்றுவலி வந்துவிடுகிறது, மணி அடிக்கும்வரை மரத்தடிதான். இவன் வாய் திறப்பதற்கு அவள் வெளியே போவதா? லூசியானேவைக் கேட்டால், தம்பிதானே பெரியப்பா என்று சிரிக்கிறாள். அவளுக்கும் இந்த வருடம்தான் பரீட்சை. பையன்களுக்கு ஒரு நேரம் பெண்களுக்கு ஒரு நேரம் வையுங்கள் என்று நேற்றுப் போய்க் கேட்டேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார், விடமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. கர்த்தர் உன்னைக் கண்மணிபோல் காக்கட்டும். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது. நீயும் உன் அண்ணன் சுனியாவும் ஒரே வகுப்பில் இருந்த வருடம் உனக்கு வாராவாரம் வயிறு வலிக்கும், நான் மூக்கைப் பிடித்து, மருந்தென்று நாறுகிற நோனுக் காய்ச் சாறு ஊற்றுவேன். அந்த வருடம் அவன் பாஸ் செய்தான், நீ தவறினாய். அது வயிற்றுவலிதானா, மகளே?

உன் அப்பா,
கெலேபி